சத்தம் போடாத வீடு

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இடது விலாவைப் பிடிக்காமல் மூச்சு இழுக்க முடிகிறதா என்று பாடகி சோதித்துப் பார்த்தாள். பாதி வரை போனது. அதற்கு மேல் உள்ளே எதுவோ குத்தி நிறுத்தியது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள் மெதுவாக ஸட்ஜமம் பிடித்துப் பார்த்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. குரலுக்கு என்ன கேடு? இருபது வருஷத்துக்கு மேலான கல்யாண வாழ்க்கையில் அவள் உடம்பில் அடி வாங்காத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது கழுத்துதான். அங்கே அவர் கால் பட்டதில்லை, பெல்ட்டின் நுனிகூடப் பட்டதில்லை. அது சோறு போடுகிற இடம். அந்த அளவுக்கு அவருக்கு நன்றி விசுவாசம் உண்டு.

அடிக்கிற ஆளுக்கு என்ன 'அவர்', 'இவர்' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாடகியே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். விலாவில் விரிசல் என்று எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டிய டாக்டரிடம், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன், அவர்தான் தூக்கிவிட்டார்" என்றாள். பாதி உண்மை. தூக்கிவிட்டது அவர்தான். அதனால் நாமும் அவள் வழியிலேயே போய்விடுவோம்.

அவர் மிருதங்கம் வாசிக்கிறவர். நல்ல கை, அதில் சந்தேகமே வேண்டாம். அவர் வலது கை விரல்கள் தோலின் மேல் ஓடும்போது எந்த விரல் எதை வாசிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் தெரியாது. அந்தக் கையின் அருமை தெரிந்தவர் என்பதால்தான் அதை வைத்து ஒருநாளும் மனைவியை அடித்ததில்லை. விரல் பிசகினால் தொழில் போச்சு. காலால் உதைப்பார், பெல்ட்டால் விளாசுவார், கையில் கிடைத்த பலகையை எடுப்பார். ஒருமுறை மிருதங்கத்தைத் தட்டிச் சுருதி சேர்க்கிற கருங்கல்லை எறிந்தார். முழங்காலுக்குக் கீழே அந்த இடம் இன்னும் பள்ளமாக இருக்கிறது. அவளும் தொழிலில் அதே கவனம்தான். அடி விழும்போது அலறினால் தொண்டை கட்டிக்கொள்ளும், மறுநாள் மைக் முன்னால் நிற்க முடியாது. அதனால் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கடித்துக்கொள்வாள். கையைக் காப்பாற்றிக்கொண்டு ஒருவர் அடிக்க, தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு ஒருத்தி வாங்க, அந்த வீட்டுக்குள் நடந்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்டதே இல்லை. எல்லாம் முடிந்ததும் அவரே வெந்நீர் போட்டுக் கொடுப்பார். வெளியே கிளம்பும்போது அவள் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிடுவார். எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்காரரை, நீங்களும் இருக்கீங்களே என்று ஒரு பிடி பிடிப்பாளாம்.

முதல் அடி ஒரு கைக்கடிகாரத்தால் வந்தது. அப்போது அவளுக்குச் சினிமா கிடையாது, கச்சேரி மட்டும்தான். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கச்சேரியின் நடுவே பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற நேரம் ஒன்று உண்டு. அவர் அந்த நேரத்துக்காகத்தான் வாழ்ந்தார். அன்றைக்கு அவர் வாசிக்க ஆரம்பித்ததும் வழக்கம்போலச் சபையில் பாதிப்பேர் காபி குடிக்க எழுந்து போனார்கள். பிருஷ்டத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, நாற்காலிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அதை அவர் பொறுத்துக்கொண்டார். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்த பெண்டாட்டி, தாளம் போடுகிற கையைத் திருப்பி மணி பார்த்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அவள் அலுத்துப்போய்ப் பார்க்கவில்லை. இன்னும் எத்தனை பாட்டுக்கு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டாள், அவ்வளவுதான். பாடுகிறவர்கள் எல்லோரும் செய்கிறதுதான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் இடுப்பில் ஓர் உதை விட்டார். அவள் மேஜையில் மோதி விழுந்தாள். "மணி என்ன ஆச்சு, இப்ப சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டாள். அவர்தான் எதையும் விடவில்லை. சினிமா வந்தது. கர்நாடக சங்கீதம் தெரிந்த குரல் வேண்டும் என்று ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பாட்டு பாடினாள். அது பஸ்ஸில், சலூனில், கல்யாண மண்டபத்தில் என்று பாடாத இடமில்லை. எங்கே போனாலும் அவளைச் சுற்றிக் கூட்டம் நின்றது, அவர் கூட்டத்துக்கு வெளியே மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். "நீங்க மேடத்தோட மேனேஜரா?" என்று யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். அன்றைக்கு உடைந்தது முழங்கை. விருது வந்தது, அன்றைக்கு இரண்டு பல். ரசிகர்கள் அவளிடம், இந்தப் பாட்டின் பின்னால் ஒரு கதை இருக்குமே அம்மா என்று ஆசையாகக் கேட்பார்கள். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். அவள் தன் பாட்டுகளை ராகத்தால் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அது இடது முழங்கை, இது கடைவாய்ப் பல், அந்த ஜோடிப்பாட்டு முதுகு. அவரைச் சாந்தப்படுத்தலாம் என்று நினைத்து, மிருதங்கம் இருக்கிற பாட்டென்றால் என் வீட்டுக்காரர்தான் வாசிக்க வேண்டும் என்று அவளே நிபந்தனை போட ஆரம்பித்தாள். வாய்ப்பு வந்தது. அது அவள் போட்ட பிச்சை என்று அவருக்குத் தெரிந்ததால் அடியும் கூடியது.

இத்தனையையும் அவள் ஒருமாதிரி பழகிக்கொண்டிருந்தாள். பழகாதது ஒன்று போன வாரம் நடந்தது. அவர்களுக்கு ஒரே மகள். சங்கீதம் சுத்தமாக வராது, சுருதியும் அவளும் இரண்டு துருவம். ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிற படிப்பைப் படித்துவிட்டு, வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும், பெண்கள் விடுதியில் இடமும் வாங்கியிருந்தாள். அதை அப்பாவிடம் சொல்லப் போனாள். பாடகி சமையலறையில் இருந்தாள். உள்ளே பெல்ட் சத்தம் மட்டும் கேட்டது. வேறு குரலே இல்லை. அவர் மெத்தையைத் தட்டித் தூசி போக்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது பிறகு. ஓடிப்போய்ப் பார்த்தால், மகள் சுவர் மூலையில் குறுகி உட்கார்ந்து துப்பட்டாவைப் பந்தாகச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். குறுக்கே விழுந்ததில்தான் பாடகியின் விலா போனது.

அவர் வெளியே போன பிறகு மருந்து தடவிக்கொண்டே கேட்டாள், "கத்தித் தொலைச்சிருக்கலாம்லடி. யாராவது வந்திருப்பாங்கல்ல. நீ என்ன பாடவா போறே?"

"நீ கத்தினதே இல்லையேம்மா" என்றாள் மகள்.

பாடகி மகளுக்கு ஒரு பாட்டுகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. இதை மட்டும் அந்தப் பெண் ஒரு பிசிறு இல்லாமல் பாடம் பண்ணி வைத்திருந்தாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள், பெண் கிளம்பிவிட வேண்டும் என்று. ரெக்கார்டிங் இருக்கிற நாளாகப் பார்த்துத் திட்டம் போட்டார்கள். அவர் ரெக்கார்டிங்கை விட்டு நகர மாட்டார், அவள் பாடி முடிக்கிற வரை வெளியே சோபாவில் காவல் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு மத்தியான ரயிலைப் பிடித்துவிட வேண்டும். ஏறியதும் அம்மா போனுக்கு ஒரு மிஸ்டு கால். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு அவர் என்ன குதித்தாலும் குதிக்கட்டும், மேலே ஏறிக் குதிக்கத் தன் உடம்பு ஒன்று வீட்டில் இருக்கிறது என்று பாடகி நினைத்துக்கொண்டாள்.

ஆக, இன்றைக்கு அந்த ரெக்கார்டிங். குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள். மகள் கூடத்தில் ஒன்றும் தெரியாதவள்போலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். பாடகி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயம். அவர் மப்ளரைச் சுற்றிவிட்டார், பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டார், இருவரும் கிளம்பினார்கள்.

பாட்டு ஒரு போட்டிப் பாட்டு. கதாநாயகி ஸ்வரம் பாடுவாள், மிருதங்கக்காரர் அதற்குச் சவால் விடுவார், கடைசியில் கதாநாயகி ஜெயிப்பாள். படத்தில் இரண்டு பேரும் ஒரே மேடையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே தனித்தனியாகத்தான் பதிவு. அவர் தன் பங்கைக் காலையிலேயே வாசித்து முடித்துவிட்டார். பிரமாதமாக வாசித்தார் என்று இசையமைப்பாளரே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த மனிதர் அப்படியெல்லாம் காட்டுகிற ஆளில்லை. சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. பதிவு நடக்கும்போது தும்மிய ஒரு வயலின்காரரை அத்தோடு வீட்டுக்கு அனுப்பியவர். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தக் கட்டடத்தில் மூச்சு விடுகிறவர்கூட யோசித்துத்தான் விடுவார். மிருதங்கக்காரரும் பாடகியும் வயதில் பாதியை அந்த விளக்குக்குக் கீழேதான் கழித்திருந்தார்கள். அது எரிந்ததும் உடம்பு தானாக அடங்கிவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பாடுகிற அறைக்குள் போனாள். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன அறை. அதற்கு இரட்டைக் கதவு. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம், அங்கேயும் தலைக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. உள்கதவு ஒரு சாண் கனம், ஓரமெல்லாம் ரப்பர், உள்பக்கம் ஒரு பெரிய இரும்புப் பிடி. அதை இழுத்து இறக்கினால் கதவு நிலையோடு கவ்விக்கொள்ளும், உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். முகத்தளவு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. இசையமைப்பாளரும் பதிவு செய்கிற பையனும் உட்கார்ந்திருக்கிற அறை எதிர்ப்பக்கச் சுவரின் பெரிய கண்ணாடிக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் மைக் தெரியும், அவள் தெரிவாள். கதவு இருக்கிற மூலை தெரியாது. அவளுடைய கைப்பை, போனோடு இசையமைப்பாளர் அறையில்தான் இருந்தது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது.

இசையமைப்பாளரும் பையனும் குனிந்து எதையோ சரிபண்ணிக்கொண்டிருந்தபோது, அவள் இன்னும் பிடியை இறக்காத உள்கதவு திறந்தது. அவர்தான். வெளிக்கதவைத் தனக்குப் பின்னால் சாத்திவிட்டு நடுவில் நின்றார். பிளாஸ்கை எட்டி உள்ளே வைத்தார். வலது கையால் கீல் பக்கத்து நிலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்துவதே இல்லை.

"வாட்ச்மேன் போன் பண்ணான். உன் பொண்ணு பெட்டியோட கீழ வந்து டாக்ஸிக்கு நிக்கறாளாம்."

அவள் கண் எதிர்க் கண்ணாடிக்கு, கைப்பை இருந்த பக்கம் ஓடியது. அது போதுமாக இருந்தது அவருக்கு.

"ஓகோ. உனக்குத் தெரியும்" என்றார். பிறகு, புதுச் சங்கதி ஒன்று பிடிபட்ட மாதிரி மெல்லத் தலையை ஆட்டினார். "சரி, நீ நிதானமா பாடிட்டு வா. பாட்டைக் கெடுத்துக்காதே. நான் போய் அவளைப் பார்த்துக்கறேன். ஸ்டேஷன் நம்ம வண்டில பத்து நிமிஷம். கால் ரெண்டையும் ஒடிச்சுட்டா எந்த ரயில்ல ஏறுவான்னு பாக்கலாம்."

"நீங்க இருங்க" என்றாள் பாடகி. "பாட்டு முடியட்டும். சேர்ந்து போகலாம். எதுவா இருந்தாலும் என்னைச் செய்யுங்க."

"உன்னைச் செய்யறதுக்கு என்ன அவசரம்?" என்றார். "வெந்நீரைக் குடி."

அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கோபத்தில் அவர் பொய் சொன்னதில்லை. முழங்கை என்றால் முழங்கைதான். மகள் இந்நேரம் டாக்ஸியில் இருப்பாளோ, இன்னும் வாசலில்தான் நிற்கிறாளோ. நின்றால் இவர் கார் போய் நிற்கும். அவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொள்வாள். தெருவில் ஆயிரம் பேர் இருந்தாலும் கத்த மாட்டாள். பாடகியின் பார்வை நிலையைப் பிடித்திருந்த விரல்கள் மேல் விழுந்தது. கதவு திறந்திருந்ததால் கீல் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு இடுக்கு விட்டிருந்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் விரல் நான்கும் அந்த இடுக்குக்குள் வளைந்திருந்தன. இத்தனை வருஷமும் அந்த விரல்களை அவள் எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள். காய்கறி நறுக்க விட்டதில்லை, கார்க் கதவைக்கூட அவளேதான் சாத்துவாள்.

தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினாள். முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். விலாவில் கத்தி இறங்கிய மாதிரி இருந்தது. கதவு போய்ப் பொருந்துகிற இடத்தில் குச்சி ஒடிகிற சத்தம் ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. இரண்டு கையாலும் இரும்புப் பிடியைப் பிடித்துத் தொங்கி இறக்கினாள். ரப்பர் பிதுங்கிக் கதவு கவ்விக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். வாய் திறந்திருந்தது. சத்தம் கிளம்பத்தான் இருந்தது. அதற்குள் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. "அம்மா, போலாமா?" என்று பதிவு செய்கிற பையனின் குரல் ஸ்பீக்கரில் ஒலித்தது.

அவர் கண் மேலே போனது. விளக்கைப் பார்த்தார். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அவள் பிறகு பல தடவை இதை யோசித்துப் பார்த்திருக்கிறாள். வலியா, மானமா, அந்த இசையமைப்பாளர் மேல் இருந்த பயமா, இல்லை, பெண்டாட்டி கையை நசுக்கினாள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்ற யோசனையா? எதுவாகவும் இருக்கலாம். அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்த வீட்டில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து, "திற" என்றார்.

அவள் மைக்குக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "போலாம் தம்பி" என்றாள்.

காதுக்குள் தம்புரா வந்தது. பின்னாலேயே மிருதங்கம் வந்தது. காலையில் வாசித்தது. தகிட தகதிமி என்று ஒவ்வொரு சொல்லும் கண்ணாடிக்குண்டு உருள்கிற மாதிரி தெளிவாக, திமிராக, உன்னால் முடியுமா என்று கேட்டது. என்ன வாசிப்பு! இப்படி வாசிக்கிற மனுஷன் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த விரல்கள் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தன, அதே விரல்கள் பத்தடி தள்ளிக் கதவுக்குள் இருந்தன. அவள் பதில் பாடினாள். அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் பாடினாள். மூச்சு பாதியில் குத்தியது. குத்தட்டும் என்று மீதியையும் இழுத்தாள். எழுதிக்கொடுத்த ஸ்வரத்துக்கு மேல் எங்கெங்கோ போனாள், அவர் எங்கே வந்து முட்டுவார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும், முட்டுகிற இடத்தில் முன்னாலேயே போய் நின்றாள். ஓரக்கண்ணில் கதவின் கண்ணாடி தெரிந்துகொண்டே இருந்தது. முகம் வெளுத்து, வியர்வை வடிந்து, அங்கேயேதான் இருந்தது. அவள் பாடுகிற வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கும். பாட்டு முடிகிற இடம் நெருங்க நெருங்கத்தான் அவளுக்கு அது உறைத்தது. முடிந்தால் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால் அவர் கத்துவார், ஆட்கள் வருவார்கள், கதவைத் திறப்பார்கள். ரயில் கிளம்பியதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. கைப்பைக்குள் போன் அடித்திருந்தாலும் தெரியாது.

கடைசி ஸ்வரத்தில் நின்றாள். எதிர்க் கண்ணாடிக்குப் பின்னால் இசையமைப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா, என்ன சொல்றதுன்னு தெரியல. ஓகே. இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்றார். பையன் விளக்கை அணைக்கக் கையை நீட்டினான்.

"தம்பி, விளக்கை அணைக்காதீங்க" என்றாள் பாடகி. "அப்படியே ஓடட்டும். இன்னொரு தடவை போயிடலாம்."

"எதுக்கும்மா? இதுவே பிரமாதமா வந்திருக்கு."

"இல்லைங்க. எனக்குத் திருப்தி இல்லை. முதல்ல இருந்து."

இசையமைப்பாளர் பையனைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார். காதுக்குள் மறுபடி தம்புரா கிளம்பியது, மறுபடி மிருதங்கத்தின் முதல் கேள்வி. அவள் கதவுப் பக்கம் திரும்பினாள், இந்தத் தடவை நேராகவே. சின்னக் கண்ணாடியில் அவர் நெற்றியை ஒட்டவைத்துக் கண்ணை மூடியிருந்தார். மூச்சு பட்டுக் கண்ணாடி பாதி மங்கியிருந்தது. அந்த மங்கலுக்குப் பின்னால் அவருடைய இடது தோள் மெல்ல ஏறி இறங்கியது, மறுபடி ஏறி இறங்கியது, ஒரு மயிரிழை பிசகாமல். பாட்டு ஒன்றும் காதில் விழாமலே, மீதி இருக்கிற கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் விலாவிலிருந்து கையை எடுத்துவிட்டு மூச்சை இழுத்தாள்.